வலிக்கிறது என்பதற்காக புராஸ்டேட்டை எடுத்துவிடலாமா?

"டாக்டர், மாத்திரை போதும். அந்தச் சுரப்பியையே எடுத்துவிடுங்கள்."

நாள்பட்ட புராஸ்டேட் அழற்சியோடு வருடக்கணக்கில் போராடும் ஆண்கள் ஒரு கட்டத்தில் இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில், உட்கார்ந்தால் அழுந்துகிற அந்த இடத்தில் ஓயாத வலி. பைக்கில் கால் மணி நேரம் போனால் இறங்கி நின்றுவிட்டுத்தான் மேலே போக முடியும். பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். ஒன்றுக்குப் போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் மறுபடியும் முட்டும். மனைவியோடு சேர்ந்திருந்தால் மறுநாள் வலி கூடும். ஆன்டிபயாடிக் மூன்று சுற்று, நான்கு சுற்று முடிந்திருக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. வீட்டில் சொல்லக் கூச்சம். நண்பர்களிடம் சொல்ல அதைவிடக் கூச்சம்.

சொத்தைப் பல் தீராமல் வலித்தால் பிடுங்குகிறோம். குடல்வால் வீங்கினால் வெட்டி எடுக்கிறோம். இதை மட்டும் ஏன் எடுக்கக் கூடாது?

நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட்டை முழுதாக எடுப்பது பெரும்பாலானவர்களுக்கு இந்த வலிக்கான சிகிச்சை ஆகாது. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டும், மற்ற வழிகளெல்லாம் அடைபட்ட பிறகு, அதைப் பற்றிப் பேசலாம். ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, இந்த நோயின் பெயரையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

சுரப்பியும் அதன் அக்கம்பக்கமும்

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. இளம் வயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். எடை சுமார் 20 கிராம். சிறுநீர்ப்பையின் வாய்க்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் அமைந்திருக்கிறது. மணியின் நடுவே நூல் போவதைப் போல, சிறுநீர் வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவில் புகுந்து போகிறது. விந்து நீரில் ஒரு பங்கைச் சுரப்பதுதான் இதன் வேலை.

சுரப்பியைவிட அதன் அக்கம்பக்கம் முக்கியம். மேலே சிறுநீர்ப்பையின் கழுத்து. கீழே, நாம் அடக்கும்போது சிறுநீரைப் பிடித்து நிறுத்துகிற வளையத் தசை. இரண்டு பக்கமும், ஆணுறுப்பு விறைப்பதற்கான மெல்லிய நரம்புக் கற்றைகள். பின்னால் விந்துப் பைகள். இவை அனைத்தையும் அடியில் தாங்குவது இடுப்புத் தளத் தசைகள். முன்னால் உள்ள இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளித் துணி கட்டியதைப் போல விரிந்து கிடக்கும் தசை விரிப்பு அது. இந்தத் தூளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே பெயர், நான்கு நோய்கள்

"புராஸ்டேட்டில் இன்பெக்‌ஷன்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே நோய் என்று தோன்றும். உண்மையில் நான்கு வெவ்வேறு நிலைகள் இந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1995இல் நிபுணர்களைக் கூட்டி வகுத்து, 1999இல் வெளியிட்ட பிரிவினையைத்தான் இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள்.

முதல் வகை, திடீரென வரும் கிருமித் தொற்று. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் தாங்க முடியாத எரிச்சல், சிலருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளும். இது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வகை, நாள்பட்ட கிருமித் தொற்று. சுரப்பிக்குள் கிருமி பதுங்கிக்கொள்ளும். மருந்து சாப்பிட்டால் அடங்கும். நிறுத்திய சில வாரங்களில் அதே கிருமி மறுபடியும் சிறுநீரில் தலைகாட்டும். அறிகுறிகளோடு வருபவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் இந்த வகை.

மூன்றாம் வகைதான் பெரும்பான்மை. ஏறத்தாழ 90 சதவீதம். மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பறையில் வலி இருக்கும்; எத்தனை முறை பரிசோதித்தாலும் கிருமி கிடைக்காது. இதற்கு 'நாள்பட்ட இடுப்பறை வலி நோய்க்கூட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நோய் என்று சொல்லாமல் நோய்க்கூட்டு என்று சொல்வதில் ஓர் ஒப்புதல் இருக்கிறது. அறிகுறிகள் கூட்டமாக வருகின்றன, காரணம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று அதற்குப் பொருள்.

நான்காம் வகையில் வலியே இருக்காது. வேறு காரணத்துக்காகத் திசு எடுத்துப் பார்க்கும்போது அழற்சி தற்செயலாகத் தெரியும். அதற்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை.

"எடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகையினர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கிருமி உண்டா இல்லையா

இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் பிரிக்கச் சாதாரண யூரின் கல்ச்சர் மட்டும் போதாது. சிறுநீரில் கிடைக்கும் கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து வந்ததா, புராஸ்டேட்டிலிருந்து வந்ததா என்று அதில் தெரியாது. இதற்கு 1968இல் மியர்ஸ், ஸ்டாமி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எளிமையான ஒரு வழி கண்டார்கள். நான்கு குப்பிகள். முதலில் வரும் கொஞ்சம் சிறுநீர் ஒரு குப்பியில். அது குழாயைக் கழுவிக்கொண்டு வருவது. நடுவில் வரும் சிறுநீர் இரண்டாவதில். அது சிறுநீர்ப்பையின் சாட்சி. பிறகு மருத்துவர் கையுறை அணிந்து, ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டை மெல்ல அழுத்தித் தேய்ப்பார். அப்போது கசியும் துளிகள் மூன்றாவதில். அதன்பின் வரும் சிறுநீர் நான்காவதில். முதல் குப்பியைவிடக் கடைசி இரண்டு குப்பிகளில் கிருமி பத்து மடங்கு அதிகமென்றால், அது புராஸ்டேட்டில் குடியிருக்கிறது என்று முடிவு செய்யலாம்.

இன்று பல இடங்களில், அழுத்துவதற்கு முன் ஒரு குப்பி, பின் ஒரு குப்பி என்று இரண்டோடு முடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அதுவே போதும். முதல் வகைத் தொற்றில், காய்ச்சல் அடிக்கும்போது மட்டும் இப்படி அழுத்தித் தேய்க்கக் கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

வருடக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பலருக்கு இந்தப் பரிசோதனை ஒரு முறைகூட நடந்திருக்காது. உங்களுக்கு நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நடக்கவில்லையென்றால், சுரப்பியை எடுப்பதைப் பற்றிப் பேசும் நேரம் இன்னும் வரவில்லை.

நம் நாட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. சிறுநீரகம், சிறுநீர்ப்பை, புராஸ்டேட் என்று இறங்கும். சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்து, வழக்கமான கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்றால், விடிகாலைச் சிறுநீரில் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்பது நல்லது. அதற்கு மருந்து இருக்கிறது.

கிருமி இல்லையென்றால் வலி எங்கிருந்து?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தது. மூன்றாம் வகை வலியுள்ள 97 ஆண்களின் புராஸ்டேட்டிலிருந்து ஊசி மூலம் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டுமே அழற்சி தெரிந்தது. அதிலும் நடுத்தரமான அல்லது கடுமையான அழற்சி என்று சொல்லத்தக்கது நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான். 'புராஸ்டேட் அழற்சி' என்று பெயர் சூட்டப்பட்டவர்களில் பெரும்பாலோரின் புராஸ்டேட்டில் அழற்சியே இல்லை.

இன்னொரு உண்மையும் உண்டு. இதே போன்ற வலி பெண்களுக்கும் வருகிறது. இதே இடுப்பறை, இதே அவசரம், இதே எரிச்சல். அவர்களுக்குப் புராஸ்டேட் என்ற சுரப்பியே இல்லை. அதனால்தான் 2008இல் தொடங்கிய ஓர் அமெரிக்க ஆய்வுத் திட்டம் ஆண், பெண் இருவரின் வலியையும் ஒரே குடையின் கீழ் வைத்து ஆராய்ந்தது.

அப்படியானால் வலி எங்கே பிறக்கிறது? முதல் சந்தேகம், நான் சொன்ன தூளியின் மேல். உள்ளங்கையை இறுக மூடி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். விரல், மணிக்கட்டு, முழங்கை வரை வலிக்கும். இடுப்புத் தளத் தசையை நாம் அறியாமலே அப்படி இறுக்கி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நாள் முழுக்க நாற்காலி, அடக்கி அடக்கிப் பழகிய சிறுநீர், மலச்சிக்கல், தீராத மன அழுத்தம், எப்போதோ வந்து போன ஒரு தொற்று என்று எதிலிருந்தும் இது தொடங்கலாம். தசையில் முடிச்சுகள் விழும். அந்த முடிச்சைத் தொட்டால் வலி ஆணுறுப்பின் நுனியில் தெரியும், விதையில் தெரியும், அடிவயிற்றில் தெரியும். வலி தெரிகிற இடமும் வலி பிறக்கிற இடமும் வேறு வேறு.

இரண்டாவது சந்தேகம் நரம்புகளின் மேல். சூடு கண்ட பூனை பாலைப் பார்த்தாலே ஒதுங்குமே, அதைப் போல நீண்ட நாள் வலிபட்ட நரம்பு மண்டலம் சின்னத் தொடுதலையும் வலியாகவே படிக்கப் பழகிவிடுகிறது. சிறுநீர்ப்பையில் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே முட்டுவது போலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காலை இழந்தவருக்கு இல்லாத காலில் வலிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நரம்பும் மூளையும் வலியைக் கற்றுக்கொண்ட பிறகு, உறுப்பை எடுத்தாலும் அந்தப் பாடம் அழிவதில்லை.

சொத்தைப் பல் உவமை இங்கேதான் பிசகுகிறது. பல்லில் சொத்தை கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே, எடுக்கப் போகிற சுரப்பியில் குற்றம் இருக்கிறதா என்பதே பலருக்குத் தெரியாது.

'புராஸ்டேட் ஆபரேஷன்' இரண்டு விதம்

"எங்கள் மாமா புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டு நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாரே" என்று பலர் கேட்பதுண்டு. அந்த ஆபரேஷன் வேறு. வயதானவர்களுக்குச் சுரப்பி பெருத்துச் சிறுநீரை அடைக்கும்போது, குழாய் வழியாகக் கருவியை விட்டு உள்ளிருந்து சுரண்டி வழி ஏற்படுத்துவார்கள். ஆரஞ்சுப் பழத்தில் தோலை விட்டுவிட்டுச் சுளையை மட்டும் எடுப்பதைப் போன்றது அது. தோல் பகுதி அப்படியே இருக்கும்.

நாள்பட்ட அழற்சிக்கு இந்தச் சுரண்டல் பெரிதாக உதவாததற்குக் காரணமும் இதுதான். கிருமி பதுங்குவதும், அது ஒண்டிக்கொள்ளும் குட்டிக் கற்கள் இருப்பதும் பெரும்பாலும் வெளிப்புறப் பகுதியில். சுளையை எடுத்தால் தோலில் இருப்பது எப்படிப் போகும்? வலி போகாமலே, விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகிற புதிய தொல்லையும் பலருக்குச் சேர்ந்துகொள்ளும்.

எனவே அழற்சிக்காக எடுப்பதென்றால் தோலோடு, முழுச் சுரப்பியையும், விந்துப் பைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். இது புற்றுநோய்க்காக உருவான அறுவை. 1904இல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்ததிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. விறைப்பு நரம்புகளைக் காப்பாற்றிக்கொண்டு சுரப்பியை எடுக்கும் முறையை அதே மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் 1982இல் கொண்டுவந்தார். 2000க்குப் பிறகு ரோபோ கைகள் வந்தன. சிறு துளைகள் போதும் என்றானது.

உள்ளே என்ன நடக்கிறது?

முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் சிறு துளைகள் வழியாகவோ, அடிவயிற்றைக் கீறியோ உள்ளே போகிறார்கள். சிறுநீர்ப்பையின் கழுத்தை வெட்டிச் சுரப்பியிலிருந்து பிரிக்கிறார்கள். விந்துக் குழாய்களைத் துண்டிக்கிறார்கள். இருபக்க நரம்புக் கற்றைகளை, வெங்காயத் தோலை உரிப்பது போல, சுரப்பியின் மேலிருந்து மெல்லப் பிரித்து ஒதுக்குகிறார்கள். பிறகு கீழ்ப்பக்கம் சிறுநீர்க் குழாயை வெட்டுகிறார்கள். வளையத் தசைக்குச் சேதம் வராமல், மிக அருகில் வெட்ட வேண்டிய இடம் அது. சுரப்பி வெளியே வந்த பின் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. சிறுநீர்ப்பையைக் கீழே இழுத்து, குழாயின் முனையோடு சுற்றிலும் தையல் போட்டு இணைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை ஒன்று முதல் இரண்டு வாரம் சிறுநீருக்கு டியூப் இருக்கும்.

அழற்சிக்காகச் செய்யும்போது இன்னொரு சிரமமும் சேர்கிறது. பலமுறை வீங்கி ஆறிய சுரப்பி அக்கம்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெங்காயத் தோல் சுலபமாக உரியாது. நரம்பைக் காப்பாற்றுவது அந்த அளவுக்குக் கடினமாகும்.

இழப்பது என்ன?

இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

விந்து வெளிவருவது நின்றுபோகும். இது எல்லோருக்கும் நடக்கும், திரும்பி வராது. உச்ச உணர்வு பலருக்கு இருக்கும், நீர் வராது. இயற்கையாகக் குழந்தை பெற முடியாது. பிற்காலத்தில் குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது நல்லது.

சிறுநீர்க் கசிவும் விறைப்புக் குறைவும் ஆளுக்கு ஆள் மாறும். பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் என்ற பெரிய ஆய்வு 2016இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். புற்றுநோய்க்காக முழு அறுவை செய்துகொண்டவர்களில் ஆறு மாதம் கழித்து 46 சதவீதம் பேர் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொண்டார்கள். ஆறு வருடம் கழித்து 17 சதவீதம் பேர். உறவுக்குப் போதுமான விறைப்பு தொடக்கத்தில் 67 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆறு மாதத்தில் 12 சதவீதமாகச் சரிந்தது. ஆறு வருடத்தில் 17 சதவீதம். அவர்கள் சிகிச்சையில் சேர்ந்தபோது 50 முதல் 69 வயதுக்காரர்கள். இளைஞர்களுக்கும், கைதேர்ந்த அறுவை மருத்துவரிடம் போனவர்களுக்கும் நிலைமை இதைவிடச் சற்று நன்றாக இருக்கக் கூடும். ஆனாலும் ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று இந்த எண்கள் காட்டுகின்றன. இவை தவிர, தையல் போட்ட இடம் சுருங்கிச் சிறுநீர் மறுபடி அடைபடுவதும் உண்டு.

புற்றுநோயில் இந்த விலைக்கு ஈடாக உயிர் இருக்கிறது. நாள்பட்ட அழற்சி உயிரைப் பறிப்பதில்லை. அதோடு அது ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களை அதிகம் பிடிக்கிற நோய். திருமணமாகாதவர்கள், குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள், இன்னும் முப்பது நாற்பது வருட இல்வாழ்க்கை முன்னால் உள்ளவர்கள். அவர்கள் கொடுக்கிற விலை பெரிது.

எடுத்தவர்களுக்கு வலி போனதா?

சிலருக்குப் போயிருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்திலிருந்தே, எதற்கும் அடங்காத வலிக்காக முழுச் சுரப்பியையும் எடுத்து நிவாரணம் கண்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் குறிப்புகள் வந்திருக்கின்றன. துளை வழி அறுவையில் இதைச் சோதித்த சிறு முயற்சிகளும் உண்டு. எல்லாமே சிறிய எண்ணிக்கை. எடுக்காமல் விட்ட இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அந்த ஒப்பீடு ஏன் அவ்வளவு முக்கியம்? 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 272 ஆண்களுக்கு 12 வாரம் மாத்திரை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஆல்ஃபுசோசின் என்ற உண்மையான மருந்து. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. இரண்டு பக்கமும் ஏறத்தாழ பாதிப் பேர் தேறியிருந்தார்கள். அதாவது வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் பாதிப் பேருக்குத் தேவலை! அவர்கள் நடிக்கவில்லை, அவர்கள் வலி உண்மையானது, குறைந்ததும் உண்மை. கவனிப்பு கிடைத்தால், நம்பிக்கை வந்தால், காலம் போனால் இந்த வலி தானே ஏறி இறங்குகிற குணமுள்ளது. வெறும் மாத்திரைக்கே பாதி இறங்குகிற வலியில், "ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குச் சரியானது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு கத்தியை எடுப்பது சரியாகாது.

ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும், ஆண்களின் நாள்பட்ட இடுப்பறை வலிக்கு அறுவை உதவும் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்றே சொல்கிறது.

கத்தி தேவைப்படும் இடங்கள்

அறுவையே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. புராஸ்டேட்டில் சீழ்க்கட்டி வந்தால் அதை வடிக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். சிறுநீர்ப்பையின் கழுத்து இறுகி அடைத்திருந்தால், குழாய் சுருங்கியிருந்தால், அதைத் திறந்துவிட வேண்டும். இவற்றை அழற்சி என்று தவறாக நினைத்து வருடக்கணக்கில் மருந்து கொடுத்த கதைகள் உண்டு. அழற்சியைத் தேடப்போன இடத்தில் புற்றுநோய் தெரிந்தால் அது தனிக் கணக்கு.

முழுச் சுரப்பியையும் எடுப்பது பற்றி யோசிக்கத் தகுந்தவர் யார்? குப்பிப் பரிசோதனையில் அதே கிருமி திரும்பத் திரும்பப் புராஸ்டேட்டில் கிடைத்தவர்; சரியான மருந்தை முழு அளவு சாப்பிட்டும் தொற்று மீண்டவர்; கிருமி ரத்தத்தில் ஏறி ஆபத்தைத் தொட்டவர்; இழப்புகளையெல்லாம் அறிந்து ஏற்கக்கூடிய வயதிலும் மனநிலையிலும் இருப்பவர். இந்தப் பட்டியல் முழுவதும் பொருந்துகிறவர்கள் அரிது.

அதற்கு முன் செய்ய வேண்டியவை

கிருமி உறுதியானால் ஆன்டிபயாடிக் நான்கு முதல் ஆறு வாரம் தேவைப்படும். பல மருந்துகள் புராஸ்டேட்டுக்குள் சரியாக ஊடுருவுவதில்லை. எனவே எந்த மருந்து என்பதைக் கல்ச்சர்தான் தீர்மானிக்க வேண்டும். ஐந்து நாள் சாப்பிட்டு, தேவலை என்று நிறுத்துவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகும். கிருமி இல்லாதபோது இதே மருந்தைச் சுற்றுச் சுற்றாகச் சாப்பிடுவதிலும் பயனில்லை. 2004இல் 196 பேரிடம் நடந்த ஆய்வில், சிப்ரோஃப்ளாக்சசின் ஆறு வாரம் கொடுத்தும் வெறும் மாத்திரையைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. இந்தக் குடும்ப மருந்துகள் குதிகால் தசைநாணைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே கடுமையாக எச்சரித்திருக்கிறது.

கிருமி இல்லையென்றால் ஆளைப் பார்த்துச் சிகிச்சையைப் பிரிக்க வேண்டும். 2009இல் இதற்கு ஒரு நல்ல வழிமுறை வந்தது. சிறுநீர்த் தொல்லை, மனச்சுமை, புராஸ்டேட் வலி, தொற்று, நரம்பு அல்லது உடல் தழுவிய வலி, தசை இறுக்கம் என்று ஆறு கட்டங்கள். உங்களுக்கு எந்தெந்தக் கட்டம் பொருந்துகிறதோ அவற்றுக்கெல்லாம் சேர்த்து மருத்துவம் பார்ப்பது. ஒருவருக்குச் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் மாத்திரை. இன்னொருவருக்கு நரம்பு வலி மருந்து. மூன்றாமவருக்கு மனநல ஆலோசனை. பலருக்கு இரண்டு மூன்று சேர்ந்தே தேவைப்படும்.

தசை இறுக்கம் இருந்தால் இடுப்புத் தளப் பிசியோதெரபி தெரிந்தவரைத் தேடிப் போங்கள். தசையை வலுவாக்கும் பயிற்சியை யாரையும் கேட்காமல் செய்யாதீர்கள். ஏற்கெனவே இறுகிய தசையை இன்னும் இறுக்கினால் வலி கூடும். இங்கே வேண்டியது தளர்த்துவது. வயிறு உப்பும்படி மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள். மூச்சு உள்ளே போகும்போது அந்தத் தூளி கீழே தளர்ந்து இறங்குவதை உணர்ந்து பழகலாம். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் இடுப்புக் குளியல் எடுப்பது பலருக்கு இதம் தரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நாற்காலியை விட்டு எழுந்து நடங்கள். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரமும் காபியும் மதுவும் யாருக்கு வலியைக் கிளப்புகின்றன என்பதை அவரவரே ஒரு நோட்டில் எழுதிவைத்துக் கண்டுபிடிக்கலாம்.

டாக்டரிடம் கொண்டுபோக வேண்டிய கேள்விகள்

யாராவது "எடுத்துவிடலாம்" என்று சொன்னால் இவற்றைக் கேளுங்கள்.

என் புராஸ்டேட்டில் கிருமி இருக்கிறது என்பதற்கு எந்தப் பரிசோதனை சாட்சி?

என் இடுப்புத் தளத் தசையை யாராவது தொட்டுப் பார்த்தார்களா?

குழாய்ச் சுருக்கம், சிறுநீர்ப்பைப் புற்றுநோய், கல், காசநோய் எல்லாம் இல்லை என்று உறுதியாகிவிட்டதா?

நீங்கள் சொல்வது உள்ளே சுரண்டுவதா, முழுதாக எடுப்பதா?

இந்த அறுவையை நீங்கள் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? அவற்றில் வலிக்காகச் செய்தவை எத்தனை?

எடுத்த பிறகும் வலி போகவில்லையென்றால் அடுத்து என்ன?

கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வலியை ஒன்று முதல் பத்து வரை எண் கொடுத்து மூன்று மாதம் குறித்துவாருங்கள். வலி, சிறுநீர்த் தொல்லை, அன்றாட வாழ்க்கை மூன்றையும் அளக்க 43 மதிப்பெண் கொண்ட ஒரு கேள்வித்தாள் யூராலஜி மருத்துவர்களிடம் இருக்கிறது; அதையும் கேட்டு நிரப்புங்கள். எந்தச் சிகிச்சை உங்களுக்கு வேலை செய்கிறது என்பதை அது சொல்லும். இந்த வலி ஒரே நாளில் போகாது. எண் ஒன்பதிலிருந்து ஆறுக்கும், ஆறிலிருந்து மூன்றுக்கும் இறங்குவதைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு. உங்கள் கணவரோ மகனோ அண்ணனோ பேருந்தில் காலி இடம் இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டு வந்தால், அடிக்கடி எழுந்து பாத்ரூமுக்குப் போனால், கேலி செய்யாமல் ஒரு வார்த்தை கேளுங்கள். சொல்ல ஆள் கிடைக்காததால்தான் பலர் இந்த வலியைத் தனியாகச் சுமந்துகொண்டு போலி மருத்துவர்களின் லாட்ஜ் அறை வரை போகிறார்கள். அடுத்த முறை யூராலஜி டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூடவே போங்கள். மேலே உள்ள ஆறு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்.